பந்தெறியும் வேட்பாளரும் பார்த்து நிற்கும் நிருபர்களும்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நான்கு வருடங்களுக்கு ஒருமுறை நமது பத்திரிகைகளின் உலகச் செய்திப் பக்கங்களை நிரப்பிவிட்டுப் போகிறது. யார் வந்தால் பலஸ்தீனத்துக்கு என்னவாகும், யார் வந்தால் அடுத்த யுத்தம் எங்கு தொடங்கும் என்ற கேள்விகளோடு நமது வாசிப்பும் முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விகள் தேவையற்றவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், அந்தத் தேர்தலைச் சுற்றி அந்நாட்டில் ஒரு தனி எழுத்துவகையே வளர்ந்திருக்கிறது என்பதையும், அந்த எழுத்தே பின்னர் தேர்தல்கள் நடத்தப்படும் முறையை மாற்றியிருக்கிறது என்பதையும் இலக்கியக்காரர்களாகிய நாம் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓர் எடுத்துரைப்பு, தான் எடுத்துரைக்கும் சம்பவத்தையே தன் அச்சில் வார்த்துக்கொள்வது எப்படி என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

இங்கு நான் பிரதானமாக எடுத்துக்கொள்வது மூன்று பிரதிகளை. தியடோர் எச். வைட் 1961இல் வெளியிட்ட 'த மேக்கிங் ஒப் த பிரசிடென்ட் 1960', ஜோ மக்கினிஸ் 1969இல் வெளியிட்ட 'த செல்லிங் ஒப் த பிரசிடென்ட் 1968', ஜோன் டிடியன் 1988இல் எழுதி, பின்னர் 2001இல் வெளிவந்த 'பொலிடிகல் பிக்ஷன்ஸ்' தொகுப்பிலும் இடம்பெற்ற 'இன்சைடர் பேஸ்போல்' என்ற நீண்ட கட்டுரை. தலைப்புகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாமவருக்கு ஜனாதிபதி உருவாக்கப்படுகிறார். இரண்டாமவருக்கு விற்கப்படுகிறார். மூன்றாமவருக்கு எல்லாமே புனைவு. நாற்பது வருடங்களில் ஒரு நாட்டின் அரசியல் எழுத்து நடந்த தூரம் இந்த மூன்று சொற்களுக்குள் இருக்கிறது.

வைட் சாதாரண நிருபரல்லர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் 'டைம்' சஞ்சிகைக்காகச் சீனாவிலிருந்து எழுதியவர். பஞ்சத்தையும் போரையும் நேரில் கண்டவர். அந்தக் கண்ணோடு அவர் தனது நாட்டின் தேர்தலுக்குத் திரும்பியபோது அதை ஒரு காவியமாகவே கண்டார். நியூ ஹம்ப்ஷயரின் சிறு கிராமங்களில் நள்ளிரவில் விழும் முதல் வாக்குகளோடு நூல் திறக்கிறது. ஏழு பேர் களத்தில் இறங்குகிறார்கள், ஒருவர் மீள்கிறார். கென்னடிக்கும் நிக்ஸனுக்கும் இடையே நாடு தழுவிய வித்தியாசம் ஏறத்தாழ 1,13,000 வாக்குகள்தான். அளிக்கப்பட்டவை 68 மில்லியனுக்கும் மேல். இவ்வளவு குறுகிய வெற்றியை விதியின் தீர்ப்புப் போல எழுதிக் காட்டியது வைட்டின் உரைநடையின் வலிமை. அதுவே அவரது பலவீனமும் என்பது எனது அபிப்பிராயம். வென்றவன் வெல்லத்தான் பிறந்தான் என்ற தொனி நூல் முழுக்க ஓடுகிறது. தோற்றவனின் ஒவ்வொரு அசைவும் தோல்விக்கான அறிகுறியாகவே வாசிக்கப்படுகிறது. முடிவு தெரிந்த பிறகு எழுதப்படும் எல்லாக் கதைகளுக்கும் உள்ள நோய் இது.

1960 செப்டம்பர் 26இல் சிகாகோவில் நடந்த முதலாவது தொலைக்காட்சி விவாதத்தை எடுத்துக்கொள்வோம். நிக்ஸன் முழங்கால் தொற்றுக்காக வைத்தியசாலையில் கிடந்து மெலிந்து வந்திருந்தார். முகத்தில் பூசிய மாவு வேர்வையில் கரைந்தது. சாம்பல் நிறக் கோட்டு பின்னணிச் சுவரோடு கலந்துபோனது. இவையெல்லாம் உண்மை. இதோடு சேர்த்து இன்றுவரை சொல்லப்படும் இன்னொரு கதை, வானொலியில் கேட்டவர்கள் நிக்ஸன் வென்றதாகவும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் கருதினார்கள் என்பது. பாடநூல்களிலும் இது ஏறிவிட்டது. ஆனால் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரேயொரு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு. வானொலி நேயர்களின் எண்ணிக்கை அதில் மிகச் சிறியது. 1987இல் இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கதையின் அத்திவாரத்தையே கேள்விக்குட்படுத்தி எழுதினார்கள். கதை அசையவில்லை. ஏனெனில் அது அவ்வளவு அழகாக இருக்கிறது. 'உருவம் உள்ளடக்கத்தை வென்றது' என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட முடிகிறதல்லவா!

அதே தேர்தலில் இன்னொரு பிரதியும் இருந்தது. அதற்குக் கமெரா தேவைப்படவில்லை. 1960 ஒக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங் ஜோர்ஜியாவில் சிறையிலடைக்கப்பட்டார். கென்னடி கிங்கின் மனைவிக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். நிக்ஸன் மௌனம் காத்தார். தென்மாநிலங்களின் வெள்ளையர் வாக்கு போய்விடும் என்ற பயத்தில் கென்னடி தரப்பு இதைப் பகிரங்கமாக விளம்பரப்படுத்தவில்லை. பதிலாக ஒரு சிறு பிரசுரம் நீல நிறத் தாளில் அச்சிடப்பட்டு, போதகர்கள் குழுவொன்றின் பெயரில், தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கறுப்பின மக்களின் தேவாலய வாசல்களில் விநியோகிக்கப்பட்டது. கட்சியின் பெயர் இல்லை, பேச வேண்டியதை மட்டும் பேசியது. நோட்டீஸ் என்ற வடிவத்தின் பலத்தை அறிந்த நமது ஊர்க்காரர்களுக்கு இதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தொலைக்காட்சி யுகத்தின் முதல் தேர்தல் என்று கொண்டாடப்படும் ஒன்றின் கடைசி நாட்களில், குறுகிய வித்தியாசத்துள்ள மாநிலங்களில், ஒரு மலிவுத் தாளும் வேலை செய்திருக்கிறது. தேர்தல் இலக்கியம் இந்தத் தாளை ஒரு சுவாரசியமான துணைச் சம்பவமாகவே வைத்திருக்கிறது. விவாதத்துக்குக் கிடைத்த அந்தஸ்து அதற்குக் கிடைக்கவில்லை.

வைட் தொடங்கிவைத்த முறை பெருகியது. வேட்பாளரின் அறைக்குள் இருந்து, அவர் என்ன சாப்பிட்டார், எப்படிச் சலித்துக்கொண்டார் என்ற சிறு விபரங்களால் கதையைக் கட்டும் முறை அது. 1972இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோர்ஜ் மக்கவனின் ஹோட்டல் அறையில் நிருபர்கள் நெருக்கியடித்து நின்று அவரது காலையுணவைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததை வைட்டே பார்த்தார். இந்த முறையைக் கண்டுபிடித்தவன் நான்தான், இப்போது அதற்காக வருந்துகிறேன் என்ற பொருளில் அவர் டிமதி குரௌஸ் என்ற இளம் நிருபரிடம் சொன்னது, குரௌஸ் 1973இல் வெளியிட்ட 'த போய்ஸ் ஒன் த பஸ்' நூலில் பதிவாகியிருக்கிறது. ஓர் எழுத்தாளன் தன் பாணியின் பிள்ளைகளைக் கண்டு அஞ்சிய தருணமாகவே நான் அதை வாசிக்கிறேன்.

மக்கினிஸிடம் போவதற்கு முன் ஒரு நிமிட விளம்பரமொன்றை நிறுத்திப் பார்க்க வேண்டும். 1964 செப்டம்பர் 7 இரவு என்பிசி அலைவரிசையில், ஒரு திரைப்படத்தின் இடையே அது ஒளிபரப்பானது. சிறுமியொருத்தி பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். எண்ணிக்கை தடுமாறுகிறது. திடீரென ஓர் ஆணின் குரல் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்குகிறது. கமெரா அவளது கண்ணுக்குள் நுழைகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. பின்னர் ஜனாதிபதி லிண்டன் ஜோன்ஸனின் குரல். போட்டியாளரான பரி கோல்ட்வோட்டரின் பெயர் எங்கும் உச்சரிக்கப்படவில்லை. கட்டணம் செலுத்தி ஒளிபரப்பியது ஒரேயொரு தடவைதான். மற்றத் தடவைகளெல்லாம் செய்தி நிகழ்ச்சிகளே 'சர்ச்சை' என்ற பெயரில் இலவசமாகப் போட்டுக் காட்டின.

இதை நான் ஒரு நல்ல கவிதையை வாசிப்பது போலவே வாசிக்கிறேன். சொல்லாமல் விட்டதுதான் இங்கு பொருள். அதன் ஒலியமைப்பில் பங்கெடுத்த டொனி ஷ்வோட்ஸ் என்பவர் பின்னாளில் இதையே ஒரு கோட்பாடாக முன்வைத்தார். விளம்பரம் பார்வையாளனுக்குள் எதையும் புதிதாகப் போடத் தேவையில்லை, ஏற்கெனவே அவனுள் கிடக்கும் பயத்தைத் தொட்டால் போதும் என்பது அவரது கருத்து. வாசகனே பிரதியை நிறைவுசெய்கிறான் என்று நாம் விமர்சனக் கூட்டங்களில் மேற்கோள்களோடு பேசிக்கொள்வதை, விளம்பரக்காரர்கள் அறுபதுகளிலேயே தொழிலாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் இங்கு நிறைவுசெய்யப்படுவது அர்த்தமல்ல, வாக்கு. கவிதைக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை நுட்பத்தில் தேடினால் கிடைக்காது. ஜோன்ஸன் அந்தத் தேர்தலில் பெருவெற்றி பெற்றார். சமாதானத்தின் குரலாக அந்த விளம்பரத்தில் பேசியவர், அடுத்த வருடமே வியட்நாமுக்குத் தரைப்படைகளை அனுப்பினார்.

ஜோ மக்கினிஸ் நூலை எழுதும்போது வயது இருபத்தாறுதான். 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரியின் பிரசாரத்தை ஒரு விளம்பர நிறுவனம் பொறுப்பெடுத்திருக்கிறது என்று காதில் விழுந்த பேச்சிலிருந்து நூல் பிறந்தது. ஹம்ப்ரி தரப்பு கதவைச் சாத்தியது. நிக்ஸன் தரப்பு உள்ளே வரவிட்டது. ஒரு பொடியன்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். நூலின் அட்டையில் நிக்ஸனின் முகம் சிகரட் பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது.

மக்கினிஸின் நூலில் இன்றும் உயிரோடிருக்கும் பகுதி, நிக்ஸனுக்காகத் தயாரிக்கப்பட்ட கேள்வி பதில் நிகழ்ச்சிகளைப் பற்றியது. நகரத்துக்கு நகரம் ஒரு கலையகம். நடுவில் தனியாக நிற்கும் நிக்ஸன். சுற்றிவரத் தெரிவுசெய்யப்பட்ட சில பிரஜைகள் கேள்வி கேட்பார்கள். பின்னால் இருந்து கைதட்டுவோர் கட்சி ஆதரவாளர்கள். பத்திரிகையாளருக்கு உள்ளே இடமில்லை, வேறோர் அறையில் திரையில் பார்க்கலாம். கேள்வி கேட்போர் வரிசையில் ஒரு கறுப்பினத்தவர் இருக்க வேண்டும், இருவர் இருந்துவிடக் கூடாது என்ற கணக்கு முதற்கொண்டு எல்லாம் திட்டமிடப்பட்டிருந்தது. இந்த நிகழ்ச்சிகளைத் தயாரித்த இருபத்தெட்டு வயதுக்காரரின் பெயர் ரொஜர் எய்ல்ஸ். மக்கினிஸ் அவரை ஒரு நாவலின் பாத்திரம் போலவே வார்த்திருக்கிறார். வேகமும் வசைமொழியும் கொண்ட ஒருவர், தான் விற்கும் பொருள்மீது பெரிய மதிப்பில்லாதவர். இந்தப் பெயரை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மக்கினிஸின் கூற்று தெளிவானது: அரசியல்வாதி ஒரு பண்டம், தொலைக்காட்சி அதன் கடை. கூற்றின் கவர்ச்சியில் நூல் பெருமளவில் விற்பனையானது. ஆனால் நூலாசிரியர் தன் கூற்றைத் தன் கண்முன் நடந்த தேர்தலோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 1968 செப்டம்பரில் கருத்துக்கணிப்புகளில் நிக்ஸன் பதினைந்து புள்ளிகள் வரை முன்னணியில் இருந்தார். அத்தனை விளம்பர மேதைகளும் உழைத்த பின்னர் நவம்பரில் அவர் 43.4 சதவீதமும் ஹம்ப்ரி 42.7 சதவீதமும் பெற்றார்கள். பண்டம் கடையில் இருக்க இருக்க விலை இறங்கியிருக்கிறது! இனப்பிரிவினையை வெளிப்படையாகப் பேசிய ஜோர்ஜ் வொலஸ் மூன்றாவது வேட்பாளராக நின்று 13.5 சதவீதம் எடுத்தார். அவருக்கு அப்படியான கலையகம் எதுவுமிருக்கவில்லை. ஆக, விற்பனைத் திறன் வென்றது என்பதைவிட, விற்பனையாளர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன பெருமையை ஓர் இளம் எழுத்தாளன் நம்பினான் என்பதே பொருத்தம். மாயவித்தைக்காரனின் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன் என்று வந்தவர், வித்தை பலித்தது என்பதை மட்டும் கேள்வியின்றி எடுத்துக்கொண்டார்.

டிடியன் இதே பிழையில் விழவில்லை. அவரிடம் வரும்போதுதான் எனக்கு இந்த எழுத்துவகை இலக்கியமாகிறது. 1988இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கல் டுகாகிஸின் விமானம் சான்டியாகோவில் இறங்குகிறது. வெப்பத்தில் கொதிக்கும் ஓடுபாதையில் வேட்பாளர் தன் ஊழியர் ஒருவரோடு பேஸ்போல் பந்தை எறிந்து பிடித்து விளையாடுகிறார். கமெராக்கள் ஓடுகின்றன. முன்பொரு நாள் வேறோர் இடத்தில் நடந்ததன் மறுநிகழ்த்தல் அது. எல்லாக் கமெராக்களுக்கும் அன்று கிடைக்கவில்லை என்பதால் திரும்ப நடத்தப்படுகிறது. அங்கு நின்ற ஒவ்வொரு நிருபருக்கும் இது ஏற்பாடு என்று தெரியும். ஆனால் அதை ஏற்பாடு என்று எழுதுகிறவர் விவரமற்றவராகக் கருதப்படுவார் என்பதும் தெரியும். எனவே, வேட்பாளரின் எளிமை, ஆண்மை, நிதானம் என்றெல்லாம் செய்திகள் வருகின்றன.

இந்தச் சிறு காட்சியிலிருந்து டிடியன் எடுக்கும் முடிவு பெரியது. மக்களை ஏமாற்றும் விளம்பரக்காரர் ஒருபுறம், ஏமாறாத பத்திரிகையாளர் மறுபுறம் என்று இரண்டு தரப்பு கிடையாது. ஆலோசகர், கருத்துக்கணிப்பாளர், நிருபர், கட்டுரையாளர் எல்லோரும் ஒரே வர்க்கம். ஒரே ஹோட்டல்களில் தங்குகிறார்கள், ஒரே மொழியைப் பேசுகிறார்கள், ஒரே கதையைச் சேர்ந்தெழுதுகிறார்கள். நாட்டின் கதையாக அச்சேறுவது இவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. வாக்களிக்கும் வயதிலுள்ளோரில் சுமார் பாதிப்பேர் அந்த வருடம் வாக்குச் சாவடிக்கே போகவில்லை. மக்கள் சோம்பேறிகள் என்று அந்த வர்க்கம் இதற்கு விளக்கம் சொன்னது. அந்தக் கதையில் தங்களுக்கு இடமில்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள் என்பது டிடியனின் வாசிப்பு.

அவரது நடை பற்றியும் ஒரு சொல். கோபப்படுவதில்லை. பிறர் பயன்படுத்தும் சொற்களை அப்படியே எடுத்து, சற்றுத் தள்ளி வைத்துக் காட்டுகிறார். சொல் தானாகவே வெட்கப்பட்டு நிற்கிறது. நமது அரசியல் கட்டுரைகளில் ஆசிரியரின் ஆவேசம் அதிகம், அவதானிப்பு குறைவு என்று எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறையுண்டு. அதற்காகவேனும் இவரை வாசிக்க வேண்டும். குறையும் இல்லாமலில்லை. வாக்காளர் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்று சொல்லும் டிடியனின் கட்டுரைக்குள்ளும் வாக்காளர் வருவதில்லை. விமானத்திலிருந்து இறங்கி ஒரு தெருவுக்குள் நடந்திருந்தால் கட்டுரையின் குரல் மாறியிருக்குமோ என்று ஒவ்வொரு வாசிப்பிலும் தோன்றுகிறது.

கூட்டத்தை உள்ளே கொண்டுவந்தது நாவல்தான். ரொபர்ட் பென் வொரனின் 'ஓல் த கிங்ஸ் மென்' 1946இல் வந்தது. லூசியானாவை ஆண்டு, 1935இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஹுயி லோங்கின் நிழல் அதன் நாயகன் வில்லி ஸ்டார்க்கின் மேல் விழுந்திருக்கிறது. ஸ்டார்க் முதலில் வரிக்கணக்குகளைப் புள்ளிவிபரங்களோடு வாசிப்பவன். கூட்டம் தூங்கி வழிகிறது. தன்னைப் போட்டியில் இறக்கியதே வாக்கைப் பிரிப்பதற்காகத்தான் என்று அறிந்த மறுநாள், எழுதிவைத்த பேச்சை எறிந்துவிட்டு உண்மையைப் பேசுகிறான். கூட்டம் விழித்தெழுகிறது. அதிர்ச்சி என்னவெனில், உண்மையைப் பேசிய அந்த நாளில்தான் அவன் கூட்டத்தைக் கையாளவும் கற்றுக்கொள்கிறான். நேர்மையும் தந்திரமும் ஒரே நாவிலிருந்து ஒரே வேளையில் பிறக்கும் இந்தச் சிக்கலை வைட்டோ மக்கினிஸோ நெருங்கவில்லை. கதையைச் சொல்பவன் முன்னாள் பத்திரிகையாளன், பின்னர் முதலாளிக்காகப் பிறரின் பழைய பாவங்களைத் தோண்டி எடுப்பவன் என்பதையும் மறக்கக் கூடாது. டிடியன் சொன்ன அந்த ஒரே வர்க்கத்தின் மூத்த பிள்ளை அவன்.

இனி, நமது தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விடயம். அமெரிக்க உயர் நீதிமன்றம் இலக்கிய வகைமை பற்றித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்த கதை இது. தேர்தலில் செலவிடப்படும் பணம் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று 1976இல் பக்லி வழக்கில் அந்நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2002இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, தேர்தலுக்கு அண்மித்த நாட்களில் கம்பனிகளின் பணத்தில் வேட்பாளரைக் குறிப்பிடும் ஒளிபரப்புகளைத் தடுத்தது. 2008இல் 'சிட்டிசன்ஸ் யுனைட்டட்' என்ற அமைப்பு ஹிலரி கிளிண்டனைப் பற்றி ஒன்றரை மணி நேரப் படமொன்றை எடுத்தது. அது விவரணப்படமா, விளம்பரமா? வழக்கு அங்கிருந்து தொடங்கியது. 2009 மார்ச் விசாரணையில் நீதியரசர்கள் அரச சட்டத்தரணியிடம் கேட்டார்கள்: இதே வாதம் ஒரு நூலுக்கும் பொருந்துமா? கம்பனிப் பணத்தில் அச்சான நூலொன்று வாக்குக் கேட்டால் அதையும் தடுக்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மண்டபத்தில் வழக்கின் திசை மாறியது அந்தக் கணத்தில்தான். செப்டம்பரில் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டபோது அரச தரப்பு நூல் பற்றிய பதிலை மாற்றிக்கொண்டது, துண்டுப்பிரசுரத்தை மட்டும் விடவில்லை. 2010 ஜனவரி 21இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. படம் உண்மையில் ஒரு நீண்ட எதிர்ப்பு விளம்பரமே என்று நீதிமன்றம் வகைப்படுத்தியது. ஆனாலும் தடை செல்லாது என்றது. அதன் பின்னர் கம்பனிகளின் பணம் வரையறையின்றிச் சுயாதீனச் செலவு என்ற பெயரில் பாய்ந்தது.

இந்தத் தீர்ப்பை நான் இரு மனத்தோடுதான் வாசிக்கிறேன். நூலைத் தடுக்கலாம் என்று ஓர் அரசு நீதிமன்றத்தில் சொல்வதைக் கேட்டு எந்த எழுத்தாளனுக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தின் பயனை அனுபவித்தது ஆர்? நீலத்தாளை அச்சிட்டுக் கோயில் வாசலில் நின்றவர்களல்ல, பெருஞ்செல்வந்தர்கள். எழுத்தின் சுதந்திரத்துக்காகப் பேசிய வாதம் பணத்தின் சுதந்திரத்தில் போய் முடிந்தது. இந்த முடிச்சை அவிழ்த்து எழுதிய ஒரு நல்ல நாவல் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும்.

ரொஜர் எய்ல்ஸுக்குத் திரும்புவோம். 1988இல் டுகாகிஸை எதிர்த்த மூத்த புஷ்ஷின் ஊடக ஆலோசகர் அவரே. 1996இல் ரூபர்ட் மர்டொக்கின் பணத்தில் பொக்ஸ் நியூஸை ஆரம்பித்து வைத்தவரும் அவரே. கலையகத்துக்கு வெளியே பத்திரிகையாளரை நிறுத்தியவர், இப்போது பத்திரிகையாளரையே கலையகத்துக்குள் வைத்து நடத்தத் தொடங்கினார். 2000 நவம்பர் தேர்தல் இரவில் அதிகாலை இரண்டு மணி கடந்து பதினாறு நிமிடத்தில், புளோரிடாவை இளைய புஷ் வென்றார் என்று முதலில் அறிவித்தது பொக்ஸ். அந்த முடிவு மேசையின் பொறுப்பாளர் புஷ்ஷின் மைத்துனர் முறையான உறவினர். மற்ற அலைவரிசைகள் சில நிமிடங்களில் பின்தொடர்ந்தன, பின்னர் எல்லோரும் வாபஸ் வாங்கினார்கள். இறுதிக் கணக்கில் வித்தியாசம் 537 வாக்குகள். அல் கோர் நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றிருந்தும், மாநிலவாரியான 538 தேர்வாளர்களில் 270ஐ எட்டுவதே வெற்றி என்ற முறையினால், அந்த ஒரு மாநிலம் எல்லாவற்றையும் தீர்மானித்தது. புஷ் வென்றவர், கோர் விட்டுக்கொடுக்க மறுப்பவர் என்ற கதைக்கு அந்த அதிகாலை அறிவிப்பே முதல் வரியாக அமைந்தது.

எய்ல்ஸ் பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டுகளையடுத்து 2016இல் விலகி, மறுவருடம் காலமானார். 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற கதையை ஒளிபரப்பியதற்காக டொமினியன் நிறுவனம் தொடுத்த வழக்கில், பொக்ஸ் நியூஸ் 2023 ஏப்ரலில் 787.5 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. வழக்கில் வெளியான தனிப்பட்ட குறுஞ்செய்திகள்தான் எனக்கு முக்கியம். திரையில் அந்தக் கதைக்கு இடம் கொடுத்தவர்கள், தமக்குள் அதை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் பார்வையாளர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார் என்று அஞ்சினார்கள். சான்டியாகோ ஓடுபாதையில் டிடியன் கண்ட அதே மௌன உடன்பாடு. ஒரு வித்தியாசம்: அன்று விவரமற்றவன் என்ற பெயருக்கு நிருபர்கள் பயந்தார்கள், இன்று விவரமறிந்தவர்கள் பார்வையாளருக்குப் பயப்படுகிறார்கள்.

இந்தப் பிரதிகளில் நாம் எங்கிருக்கிறோம் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. நாம் ஒரு வதந்தியாக இருக்கிறோம். 2008இல் ஒபாமா இரகசிய முஸ்லிம் என்ற பேச்சு பரவியது. ஒக்டோபரில் மினசோட்டாக் கூட்டமொன்றில் ஒரு பெண் எழுந்து, அவர் ஓர் அரபு என்றார். ஜோன் மக்கெய்ன் ஒலிவாங்கியை வாங்கி மறுத்தார். அப்படியில்லை, அவர் கண்ணியமான குடும்பத் தலைவர், ஒரு பிரஜை என்றார். உலகம் பாராட்டிய பதில் அது. எதிராளியைக் காப்பாற்றிய அந்தத் துணிவு உண்மையானது. ஆயினும் வசனத்தின் அமைப்பைப் பாருங்கள். 'அரபு' என்பதற்கு எதிர்ச்சொல்லாக 'கண்ணியமான குடும்பத் தலைவர்' வந்து உட்கார்ந்திருக்கிறது. சில நாட்களில், ஒக்டோபர் 19இல், கொலின் பவல் தொலைக்காட்சியில் அந்த வசனத்தைத் திருத்தினார். ஒபாமா முஸ்லிம் அல்ல என்பது சரியான பதில், முஸ்லிமாக இருந்தால்தான் என்ன என்பதே மெய்யாகச் சரியான பதில் என்ற கருத்துப்பட அவர் பேசினார். 2003 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபையில் ஈராக் யுத்தத்துக்கு நியாயம் கற்பித்த அதே வாய்தான் இது என்பதை நாம் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டியதில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ளத் தெரிந்த வாசிப்பே நமக்கு வேண்டும்.

இன்னொன்று, 2007 ஜனவரி. கொங்கிரசுக்குத் தெரிவான முதல் முஸ்லிமான கீத் எலிசன் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்யப் போகிறார் என்று பெரும் கூச்சல் எழுந்தது. அவர் கொங்கிரஸ் நூலகத்திலிருந்து தோமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமான பிரதியையே எடுத்துவந்தார். ஜோர்ஜ் சேலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1764ஆம் ஆண்டுப் பதிப்பு. வாயடைக்கவைத்த பதில்தான். ஆனால், பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர்கள் உண்மையாகச் சத்தியம் செய்வது எல்லோரும் சேர்ந்து கையை உயர்த்தித்தான். அங்கு எந்த வேதநூலும் தேவையில்லை. நூலோடு நிற்பது பிற்பாடு படம் எடுப்பதற்காக நடத்தப்படும் மறுநிகழ்த்தல். ஆக, ஒரு நாடே சண்டையிட்டது ஒரு புகைப்படத்துக்காக. எலிசனும் அதை அறிந்தே, அந்தப் புகைப்படத்துக்குள் இருநூறு வருடப் பழைமையான ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார். டுகாகிஸ் பந்தெறிந்ததற்கும் இதற்கும் கமெராவின் பார்வையில் பேதமில்லை. ஆனால் டிடியனின் அளவுகோலை இங்கு அப்படியே வைத்தால் அளவு பிழைக்கும். கதைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவன் உள்ளே நுழைவதற்காகச் செய்யும் பாவனையும், ஏற்கெனவே உள்ளே இருப்பவனின் பாவனையும் ஒன்றல்ல. இந்த இடத்தைப் பற்றி டிடியனிடம் கோட்பாடு எதுவுமில்லை. எழுதப்பட வேண்டிய பகுதி அது.

இவற்றைத் தமிழுக்குக் கொண்டுவர யாரேனும் முன்வந்தால், வைட்டின் பெரிய நூலை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பேன். மக்கினிஸிலிருந்து எய்ல்ஸ் வரும் பக்கங்கள் மட்டும் போதும். டிடியனின் கட்டுரையை முழுமையாகக் கொண்டுவர வேண்டும். அதற்கு முதல் தடை, பேஸ்போலைத் தெரியாத வாசகனுக்கு அந்தத் தலைப்பை எப்படிச் சொல்வது என்பதாகத்தான் இருக்கும். கிரிக்கெட்டாக மாற்றிவிடும் ஆசை வரக்கூடும். மாற்றாமல் விடுவதே நல்லது.